வன்னியில் இசைத்தட்டும் அலுமாரியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் பண்பாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டு, ஏட்டுச் சுவடி, அச்சுநூல் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வர். இசைத்தட்டையும் அதனை ஒலிக்கச் செய்த பொறியையும் சான்றாகக் கொள்வோர் மிகச் சிலரே. பழைய மின் கிராமபோன்களையும் இசைத்தட்டு அலுமாரிகளையும் தேடிச் சேர்த்தல் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு எனக் கருதப்படுதலே இதற்குக் காரணம் எனலாம். வன்னிப் பெருநிலத்தை மனத்திற் கொண்டு நோக்குமிடத்து இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். குடியிருப்பு நிலைத்த இடத்திலேயே அலுமாரி நிலைக்கும். அது இல்லாமற்போன வரலாறு மக்கள் இடம்பெயர்ந்த வரலாறே என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட முயல்வாம்.

முதற்கண் பொறியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவாம். எடிசன் 1877 இல் அமைத்த போனோகிராப் உருளையில் ஒலியைப் பதித்தது. பேர்லினர் 1887 இல் உருளைக்குப் பதிலாகத் தட்டைப் புகுத்தினார். கிராமபோன் கம்பனியின் ஒலிப்பதிவாளரான கெயிஸ்பேர்க் 1902 இல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் கலைஞரின் குரல்களைப் பதிந்தார். அப்பதிவுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகரிலே தட்டுகளாக்கப்பட்டு மீண்டும் இங்கு வந்தன. 1908 இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்ததைத் தொடர்ந்து, ஊசியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றி வால்வுகளாற் பெருக்கும் கிராமபோன்களும் தோன்றின.

இலங்கையில் இசைத்தட்டும் வானொலியும் தொடக்கத்திலேயே இணைந்தன. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் 1923 இல் கொழும்பில் நடத்திய பரீட்சார்த்த ஒலிபரப்பில் கிராமபோன் இசையே ஒலித்தது. 1925 டிசம்பர் 16 இல் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அதே பத்தாண்டில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பு மேடையில் நடித்தனர். அவர்கள் ஊர் திரும்பிய பின்னரும் அவர்தம் குரல்களைத் தட்டுகளிற் கேட்க முடிந்தது.

இப்புதிய பொருள்கள் வன்னியை அடைவதற்கான வழி முன்னரே திறந்திருந்தது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஊடாகக் காங்கேசன்துறை வரை செல்லும் புகையிரதப் பாதை 1905 இல் நிறைவெய்தியது. 1902 இல் தொடங்கிய இரணைமடுக் குள வேலை 1920 இல் முடிந்தது. 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றம் வளர்ந்தது. ஆயின், பல கிராமங்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே கிடைத்தமையால், அங்கு வீட்டிலே கிராமபோன் கேட்க விரும்பியோர்க்குச் சாவி கொடுக்கும் விற்சுருள் பொறியே ஏற்றதாயிற்று. மின்பொறியோ மின்கலத்துடன் ஒலிபெருக்கிக்காரர் வாயிலாகக் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வந்து, மறுநாள் திரும்பிச் செல்லும் விருந்தாளியாகவே இருந்தது.

அலுமாரியின் இன்றியமையாமை தட்டின் இயல்பிலிருந்து பிறப்பது. அரக்கும் கனிமத்தூளும் கலந்து செய்யப்பட்ட 78 சுற்றுத் தட்டு விழுந்தால் உடையும். வெயிலிற் சாய்ந்து கிடந்தால் வளையும். எனவே அதனை நிமிர்த்தி நெருக்கமாக அடுக்கி வைத்தல் வேண்டும். பத்தங்குலத் தட்டொன்று ஏறத்தாழ 200 கிராம் நிறையுடையது. நூறு தட்டுகள் இருபது கிலோவாகும். இதனைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டி இடம்பெயரும் குடும்பம் எவ்வாறு சுமக்கும்?

1990 ஆம் ஆண்டு இவ்வகையிற் கருதத்தக்கது. பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் அமைந்தது அவ்வாண்டிலேயே. அவ்வாண்டிலேயே வடக்கில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. தொடர்ந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்கலமும் அரும்பொருளாகவே, மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கேட்கும் வேட்கை குன்றவில்லை. கேட்கும் கருவியே சுருங்கியது. 2008 இலும் 2009 இலும் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றபோது, உயிர் காத்தலே பெரும்பாடாயிற்று. அந்நிலையில் அலுமாரியை எவர் எடுத்துச் செல்வர்?

இசைத்தட்டை மிகைப்படுத்தலும் தகாது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமே ஒலிக்கும். விடிய விடிய ஆடப்பெறும் முல்லைத்தீவின் கோவலன் கூத்து அதனுள் அடங்காது. ஆகவே வன்னி மக்கள் எதனைக் கேட்டனர் என்பதற்குத் தட்டு சான்றாகலாம். எதனைப் பாடினர் என்பதற்கு அன்று.

இன்று சேகரிப்போர் செய்யத்தக்கது யாது? ஒலி நன்றாக உள்ள தட்டை மட்டும் தெரிந்தெடுத்தல் போதாது. தட்டின் முகப்புத்தாள், வரிசையெண், உறையிலுள்ள கடை முத்திரை, உரிமையாளரின் கையெழுத்து, கிடைத்த ஊர் ஆகிய யாவும் குறிக்கப்படல் வேண்டும். ஊர்ப்பெயர் குறியாமற் கைமாறும் தட்டு வெறும் விலைப்பொருளாகிவிடும். உடைந்த தட்டும் கறையான் அரித்த பலகையும் கூட ஒரு வீடு அங்கிருந்தமைக்குச் சாட்சியாகும். பொருள் அழிந்தவிடத்து, எந்த வீட்டில் எந்தப் பாட்டு ஒலித்தது என முதியோர் கூறுவதைப் பதிந்து வைத்தல் வேண்டும். அலுமாரியை நாம் மீளப் பெறமுடியாது. அதில் அடுக்கப்பட்டிருந்தவற்றின் பட்டியலை இன்றும் எழுதமுடியும். அந்நினைவுடையோர் நம்மிடையே வாழும்போதே அப்பணியைத் தொடங்குதல் நம் கடனாகும்.