துண்டுண்ட விரலும் தொடர் பயிற்சியும்

மனிதனுடைய விரல் தன் சொந்த வலிமையால் மடங்குவதன்று. விரலுக்குள்ளே தசை கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகள், தசைநாண்கள் எனப்படும் உறுதியான கயிறுகளால் விரலை இழுத்து ஆட்டுகின்றன. திரைக்குப் பின்னின்று ஒருவன் பாவையை ஆட்டுவதைப் போன்றது இது. ஆகவே, துண்டிக்கப்பட்ட விரலைப் பொருத்தும் வைத்தியருக்கு இரண்டு கடமைகள் உள. இரத்தத்தை ஓடச் செய்து விரலைப் பிழைக்க வைப்பது ஒன்று. அதை மீண்டும் இயங்கச் செய்வது மற்றொன்று. முன்னதன் வரலாற்றை உலகம் வியந்து பேசுகின்றது. பின்னதன் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆயினும், விரலிழந்த தொழிலாளி மீண்டும் கருவியைப் பிடிப்பானா என்பதைத் தீர்மானிப்பது பின்னதே.

முன்னதன் கதை பிரான்சிலே தொடங்குகின்றது. 1894ஆம் ஆண்டு லியோன் நகரில் குடியரசுத் தலைவர் கார்னோ கத்திக்குத்துக்கு இலக்காகி மாண்டார். அறுந்த இரத்தக்குழாயைத் தைக்க வழியறியாத காலம் அது. அந்நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் கரல் அவ்வழியைத் தேடி, 1902இல் தமது முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசும் பெற்றார். 1960இல் அமெரிக்க வைத்தியர் ஜேக்கப்சன் நுணுக்குக்காட்டியின் உதவியால் மிக நுண்ணிய குழாய்களையும் தைக்கலாமெனக் காட்டினார். 1962இல் பொஸ்டன் நகரில் ரொனால்ட் மோல்ட் குழுவினர் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் துண்டுபட்ட கையைப் பொருத்தினர். மறு ஆண்டு ஷங்காயில் சென் சொங்வெய் தொழிலாளி ஒருவரின் கையைப் பொருத்தினார். 1965 யூலையில் யப்பானின் நாரா நகரிலே கொமாட்சு, தமாய் என்னும் இருவரும் முற்றாகத் துண்டுண்ட பெருவிரலொன்றைப் பொருத்தி வெற்றி கண்டனர்.

விரல் பிழைத்தது, ஆனால் மடங்குமா? இங்கேதான் இரண்டாவது வரலாறு தொடங்குகின்றது. காயம் ஆறும்பொழுது எலும்பு, தசைநாண், தோல் யாவும் ஒரே தழும்பினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உறைக்குள் வழுக்கியோட வேண்டிய கயிறு உறையோடு பிணைந்துவிடுகின்றது. உள்ளங்கையின் மேற்பகுதியிலிருந்து விரலின் நடுப்பகுதி வரையுள்ள இடத்தை, அமெரிக்கக் கை வைத்திய முன்னோடி ஸ்ரேர்லிங் பனல் 'எவருக்கும் உரித்தல்லாத நிலம்' என அழைத்தார். போர்முனையில் இரு படைகளுக்கும் இடையே கிடக்கும் வெற்றுநிலத்தின் பெயர் அது. அவ்விடத்தில் அறுந்த தசைநாணை உடனே தைத்தால் பயனில்லையென அக்கால வைத்தியர் பலர் கருதினர்.

அசைத்தால் தையல் அறும். அசைக்காவிட்டால் விரல் இறுகும். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதே அறிஞர்களின் நெடுநாள் முயற்சியாயிற்று. 1960களில் அமெரிக்காவின் லூயிவில் நகரைச் சேர்ந்த ஹரல்ட் கிளைனேட், நகத்திலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு றப்பர்ப் பட்டியைக் கட்டினார். நோயாளி விரலைத் தானே நீட்டுவார். மடக்கும் வேலையை றப்பர் செய்யும். தைத்த நாணுக்குப் பாரமில்லை. ஆனால் அது அசைந்துகொண்டேயிருக்கும். 1975இல் டுரான், ஹவுசர் என்போர், தசைநாண் 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை நகர்ந்தாலே ஒட்டாமற் காக்கலாமென எடுத்துக்காட்டினர்.

பொருத்திய விரலிலோ இன்னும் கவனம் வேண்டும். அங்கே மடக்கும் நாணும் நீட்டும் நாணும் இரண்டுமே தைக்கப்பட்டிருக்கும். இரத்தக்குழாய்களும் புதிதாய் இணைந்தவை. ஆதலின், முதல் நாள்களில் கையை உயர்த்தி, வெதுவெதுப்பாக வைத்து, குழாய்களைச் சுருக்கும் புகையிலையை விலக்குகின்றனர். பின்னர் மணிக்கட்டிலிருந்து பயிற்சி தொடங்குகின்றது. கையைத் தளரவிட்டு மணிக்கட்டை மேலே உயர்த்தினால் விரல்கள் தாமாகச் சற்று மடங்கும். தாழ்த்தினால் தாமாக நீளும். நேயர்கள் தம் கையிலேயே இதைக் காணலாம். விரலை வருத்தாமலே நாண்களை நகர்த்தும் இவ்வெளிய உண்மையைப் பயிற்சியாளர் துணைக்கொண்டனர். வாரங்கள் சென்றபின் விரலைத் தானே மடக்குவதும், எலும்பு பொருந்தியபின் பாரம் பிடிப்பதும் படிப்படியாக வரும்.

அசைவு வந்தாலும் உணர்வு உடனே வருவதில்லை. வெட்டுண்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அளவே வளரும். அதுவரை மரத்த விரல் சுடுவதை அறியாது, வெட்டுவதை அறியாது. உணர்வற்ற கைக்கு நேரும் தீங்கை உலகுக்கு உணர்த்திய இடங்களுள் தமிழகத்து வேலூர் முக்கியமானது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டொக்டர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலியறியாமற் படும் காயங்களாலேயே குறைகின்றன என அங்கே ஆராய்ந்து காட்டினார். விரல் பொருத்தப்பெற்றோருக்கும் அப்பாடம் பொருந்தும். உணர்வு திரும்புங்கால் கண்ணை மூடிக்கொண்டு துணி, மணல், நாணயம் முதலியவற்றைத் தொட்டு இனங்காணும் பயிற்சியும் கொடுக்கப்படுகின்றது. புதிதாய் வரும் செய்தியை மூளை மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கின்றது.

சத்திரசிகிச்சை எத்துணை நீண்டதாயினும் ஒரு நாளில் முடிந்துவிடும். பயிற்சியோ மாதக்கணக்கில் நீளும். முன்னதை வைத்தியர் செய்து கொடுக்கலாம். பின்னதை விரலுக்குரியவரே செய்தாக வேண்டும். நாராவிலே ஒட்டப்பட்டது ஒரு விரல். அதன்பின் உலகெங்கும் ஒட்டப்பட்ட ஒவ்வொரு விரலையும் கையாக்கியது அந்நோயாளியின் பொறுமையே.