ஈறு காட்டிய கணக்கு: மேலைக்கடலில் 89 நாள்

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலையைத் திருவனந்தபுரத்து வலியசாலையோடு அடையாளங் காண்போர் பலர். விழிஞத்தருகே தேடுவோரும் உளர். அங்குச் சோழன் அறுத்த 'கலம்' கப்பலா, உண்கலமா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. கடலோடிகளின் உடல்நல வரலாற்றிலோ இவ்விரு பொருளையும் பிரிப்பது அரிது. கப்பலில் எத்தனை நாள் கிடந்தனர், என்ன உண்டனர் என்பதை அவர்களுடைய பல்லீறே வெளிப்படக் காட்டியது. அதே மேலைக்கடலில் நிகழ்ந்த வாஸ்கோ ட காமாவின் முதற்பயணம் இதற்குத் தெளிவான சான்று.

1498 ஏப்ரல் 24 அன்று மலிந்தியை விட்டுப் புறப்பட்ட மூன்று கப்பல்கள், தென்மேற்குக் காற்று எழும் வேளையில், கடலறிந்த வழிகாட்டி ஒருவரின் துணையுடன் 26 நாளில் கோழிக்கோட்டருகே நங்கூரமிட்டன. திரும்புகாலில் நிலைமை வேறு. சாமூதிரியுடன் பிணங்கி ஆகஸ்டு இறுதியில் கோழிக்கோட்டை நீங்கிய காமா, அக்டோபர் 5 அன்று அஞ்சதீவிலிருந்து மேற்கே பாய் விரித்தார். ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்லும் வணிகர் வாடைக்காற்று நிலைகொள்ளும்வரை காத்திருப்பது வழக்கம். அதற்கு முந்திய இடைப்பருவத்தில் எதிர்காற்றும் காற்றின்மையும் மாறி மாறி வரும். 1499 சனவரி 2 அன்று மொகதிசு கண்ணிற்பட்டபோது 89 நாள் கழிந்திருந்தது.

அந்நாள்களின் நிலையை, ஆல்வரோ வெல்யோ எழுதியதாகக் கருதப்படும் பயணக் குறிப்பு விவரிக்கிறது. ஈறு வீங்கிப் பற்களின்மேல் ஏறியதால் உண்ண இயலவில்லை. கால் தொடங்கி உடல் முழுதும் வீங்கியது. முப்பதின்மர் இறந்தனர். அதற்கு முன்பே அதே தொகையினர் இறந்திருந்தனர். கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலைக்குத் தேறினர்.

இந்நோய் ஸ்கர்வி. வைட்டமின் சி இன்றி ஈற்றையும் குருதிக்குழாய்களையும் கட்டிக்காக்கும் கொலாஜன் செம்மையாக உருவாகாது. உடலின் இருப்பு ஒன்று முதல் மூன்று மாதங்களில் தீரும். 26 நாள் அவ்வெல்லைக்குள் அடங்கியது. 89 நாள் அடங்கவில்லை. பல் இல்லாதவரிடம் ஈறு இவ்வாறு வீங்குவதில்லை என்பது கருதத்தக்கது. பல்லில் படியும் அழுக்கு வீக்கத்தைத் தூண்டுகிறது. எனவே பல் துலக்காமை துன்பத்தைப் பெருக்கியிருக்கும். ஆயினும் எந்த வேப்பங்குச்சியும் நோயைத் தடுத்திராது. இதனைக் 'கடல்நோய்' எனப் பொதுப்பட எழுதிச் செல்வது பொருந்தாது. அம்முப்பதின்மரின் சாவுக்குப் புறப்பட்ட நாளே பெருங்காரணம்.

மருந்தோ அவர்கள் கைக்கு முன்பே எட்டியிருந்தது. 1498 ஏப்ரலில் மொம்பாசா மன்னர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கரும்பும் அனுப்பினார், நோயுற்றோர் தேறினர். குறிப்பாசிரியர் அப்பெருமையை அவ்வூர்க் காற்றுக்கு அளித்துவிட்டார்! ஆயினும் திரும்பும் வழியில் மலிந்தியை அடைந்ததும் நோயாளிகள் விரும்பிக் கேட்டது ஆரஞ்சையே. கரைக்கு ஆளனுப்பி வாங்கிவந்தும் பலர் பிழைக்கவில்லை. கிச்சிலி வகைப் பழங்களின் பயனை ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளிடம் சோதித்துக் காட்டியது 1747இல். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்.

மலிந்தியை விட்டு நீங்கிய சில நாள்களில், மூன்று கப்பல்களையும் செலுத்த ஆள் போதாமையால், சாவோ ரஃபேல் என்னும் கப்பலிலிருந்த பொருள்களை இறக்கிவிட்டு, அதனைத் தாமே கொளுத்தினர்.