வண்டி நின்ற பிறகு

மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகப் போனவர்கள், "வண்டி ஒரு எடத்துலகூட மக்கர் பண்ணல" என்பதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். தென்னமெரிக்காவில் 1952இல் நடந்த ஒரு பயணத்தை அப்படி வாசிக்க முடியாது. அதில் வண்டி பாதி வழியிலேயே செத்துப்போனது. விஷயமே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஜனவரியில் பியூனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் 23 வயது மருத்துவ மாணவர் எர்னஸ்டோ குவேரா. பின்னாளில் உலகம் 'சே' என்று அழைத்தவர். இன்னொருவர் அவருடைய நண்பர், தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்த ஆல்பர்ட்டோ கிரனாடோ. வண்டி கிரனாடோவுடையது. 1939ஆம் வருஷத்து நார்ட்டன், 500 சிசி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வல்லமை உடையவள்'.

வண்டியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பதிமூன்று வருஷப் பழசு. இரண்டு ஆள், மேலே மூட்டை முடிச்சு. பாதை முழுக்க மண்ணும் சரளையும். திருகாணி கழன்ற இடத்திலெல்லாம் கம்பியைச் சுற்றி ஓட்டினார்கள். பிரேக் போனது. சிலியில் லௌதாரோ பக்கம் கியர்பெட்டியின் கூடே உடைந்துபோக, பட்டறையில் கிடந்து சரிசெய்தார்கள். போஸ்டர்களில் சேவின் முகம் இருக்கிறது. கரியும் கிரீஸுமாக நின்று அந்த வண்டியை ஓட வைத்தவர்களின் முகம் எங்கே இருக்கிறது?

வண்டி ஓடியவரை இவர்களுக்குத் தனி மரியாதை. தெமுக்கோ நகரப் பத்திரிகை இருவரையும் தொழுநோய் நிபுணர்கள் என்றே எழுதியது. ஒருவர் இன்னும் மாணவர்தான்! ஆனாலும் அந்தச் செய்தியைக் காட்டிச் சோறும் படுக்கையும் கிடைத்தன. மார்ச்சில் சந்தியாகோவில் வண்டியைக் கைவிட்டதும் மரியாதையும் போனது. மூட்டை தூக்கி லாரிக்குக் கை காட்டுகிறவனை யார் மதிப்பார்கள்? குவேராவே இதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அப்படி நடையும் லாரியுமாகப் போனபோதுதான் பக்கெதானோவில் ஒரு தொழிலாளியையும் அவர் மனைவியையும் சந்தித்தார்கள். கம்யூனிஸ்ட் என்பதற்காகச் சிறைக்குப் போய் வந்தவர். 1948லேயே சிலியில் கட்சியைத் தடை செய்திருந்தார்கள். யாரும் ஊர் பேர் கேட்காத கந்தகச் சுரங்கத்துக்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார். பாலைவனக் குளிரில் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை. தங்களிடமிருந்த போர்வையில் ஒன்றை இவர்கள் கொடுத்தார்கள். அடுத்துப் பார்த்தது அமெரிக்க அனகோண்டா கம்பெனியின் சுக்கிகமாத்தா செம்புச் சுரங்கம்.

ஜூனில் பெரு நாட்டின் சான் பாப்லோ தொழுநோய்க் குடியிருப்பு. தொட்டாலே ஒட்டிக்கும் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள். கையுறை போடாமல் அவர்கள் கையைப் பிடித்தார்கள். கூடவே பந்து விளையாடினார்கள்.

ஜூலையில் காரகாஸில் இருவரும் பிரிந்தார்கள். ஏழு மாதத்தில் வண்டி ஓடியது சுமார் இரண்டு மாதம். ஆனாலும் அந்த நாட்குறிப்பு ஆங்கிலத்தில் வந்தபோது தலைப்பில் மோட்டார் சைக்கிள்தான் இருந்தது.

இதை மனமாற்றக் கதையாக மட்டும் கொண்டாடிவிட முடியாது. கிரனாடோ வெனிசுவேலாவிலேயே தொழுநோயாளிகளிடம் வேலைக்குத் தங்கினார். குவேரா விமானமேறி ஊர் திரும்பி, 1953இல் டாக்டர் ஆனார். வண்டி போனாலும் அவருக்குத் திரும்பிப் போக ஒரு படிப்பு இருந்தது, ஒரு வீடு இருந்தது. பக்கெதானோவில் பார்த்தவருக்கு முன்னால் இருந்தது கந்தகச் சுரங்கம். அவர் எந்த வண்டியிலிருந்தும் இறங்கி அங்கே வந்தவரில்லை.