கிறிஸ்துகுல ஆசிரமம்

அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் திருப்பத்தூரில் 1921-இல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ ஆசிரமம். இந்தியாவில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் அமைத்த முதல் ஆசிரமங்களுள் ஒன்று. நிறுவியவர்கள் இரு மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் யேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன்.

வெள்ளையர் ஆண்ட காலம் அது. மிஷன் பணியிலும் ஐரோப்பியருக்கு ஓர் இடம், இந்தியருக்கு வேறோர் இடம் என்ற நிலை இருந்தது. இங்கோ மூத்தவரான யேசுதாசன் ‘பெரியண்ணன்’, பேட்டன் ‘சின்னண்ணன்’. செல்வக் குடும்பத்தில் பிறந்த வெள்ளையர் ஒருவர் தமிழருக்குத் தம்பியாக அமைந்ததை, பல பிரசங்கங்களைவிட வலிய சாட்சியாகக் கொள்ள வேண்டும். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினர், தரையில் அமர்ந்து எல்லாருடனும் உண்டனர். சாதி, மதம் பாராமல் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தனர்.

ஆசிரமத்தின் ஜெபாலயம் கோபுரத்துடன் திராவிடக் கட்டடக்கலை முறையில் எழுந்தது. தேசிய இயக்கத்திடம் பரிவு காட்டிய பேட்டன், 1932-இல் சென்னையில் காவலரின் தடியடிக்கு உள்ளானார். அது பிரிட்டனிலும் பேசப்பட்டது.