கண்ணை முந்தும் கணிப்பு: சண்டை வீடியோ கேம்களில் மனப்போரின் வரலாறு

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’, ஆர்கேட் எனப்படும் காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில் மனிதரும் மனிதரும் நேருக்கு நேர் மோதும் வழக்கத்தை நிலைபெறச் செய்தது. அதற்கு முன்பு அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்தையே எதிர்த்து ஆடி, அது எப்போது எப்படி அசையும் என்பதை மனப்பாடம் செய்து, புள்ளிகளைக் குவிப்பதையே திறமையாகக் கருதினர். மனித எதிராளியை அவ்வாறு மனப்பாடம் செய்ய முடியாவிட்டாலும் அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன; அவற்றைக் கவனித்து, வேண்டுமென்றே தூண்டிவிட்டு, அவற்றாலேயே அவரை வீழ்த்தும் நுட்பத்தை ஜப்பானிய ஆட்டக்காரர்கள் ‘யோமி’, அதாவது எதிராளியின் எண்ணத்தைப் படித்தல், என்று அழைத்தனர்.

இந்நுட்பம் தேவைப்பட்டதற்கு இயந்திரத்தின் வேகமே முதற்காரணம். திரையில் தெரியும் படம் வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஆட்டக்காரர்கள் ஒரு ‘பிரேம்’ என்பர். கண் கண்டதற்குக் கை மறுவினை செய்ய 12 முதல் 15 பிரேம் வரை ஆகிவிடும் நிலையில், விரைவான குத்து ஒன்று ஐந்தாறு பிரேமுக்குள் வந்து விழுந்துவிடுவதால், நெருங்கி நிற்கும்போது பார்த்துத் தடுப்பது இயலாது. முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். தாக்குபவரைத் தடுப்பவர் வெல்வார், தடுத்து நிற்பவரைப் பிடித்து வீசுபவர் வெல்வார், பிடிக்கக் கை நீட்டுபவரைத் தாக்குபவர் வெல்வார் என்ற முக்கோணத்தின் மீதே ஊகங்கள் எல்லாம் கட்டப்பட்டன.

‘டிக் த்ரோ’ என்ற உத்தி இதற்குத் தெளிவான சான்று. லேசான உதை ஒன்றால் எதிராளியைத் தடுப்பு நிலைக்குத் தள்ளி, அடுத்த அடியும் வரும் என்று அவர் தடுப்பை விடாமல் காத்திருக்கும்போதே நெருங்கிச் சென்று அவரைப் பிடித்து வீசுவதே அது. இரண்டு முறை வீசப்பட்டவர், மூன்றாவது உதை பட்டதும் தடுப்பைக் கைவிட்டுத் திருப்பித் தாக்க முனைவார். அதை எதிர்பார்த்து எட்டாத தொலைவில் நிற்பவர், அவருடைய அடி வீணானவுடன் பெரிய அடியைக் கொடுப்பார். அமெரிக்கக் கூடங்களில் பலர் டிக் த்ரோவை இழிவான தந்திரம் என்று சண்டைக்கு நின்றனர். அவ்வெதிர்ப்பில் நியாயம் குறைவு. நகராமல் தடுத்து நிற்பவரை அசைக்க வேறு வழி இல்லாவிட்டால் ஆட்டமே உறைந்துபோகும். எனினும் 1994இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’, சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தி வீச்சின் பாதிப்பைக் குறைத்துக்கொள்ள வழி செய்தது. ஆட்டக்காரரும் வடிவமைப்பாளருமான டேவிட் சர்லின் இவ்வூகங்களைப் படிநிலைகளாக வகுத்து, ஓர் உத்திக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என மூன்று படி ஏறினால் போதும், நான்காவது படியின் வேலையைப் பெரும்பாலும் முதல் உத்தியே செய்துவிடும் என்று விளக்கினார்.

கூடங்களின் அமைப்பும் இம்மனப்போரை வடிவமைத்தது. அமெரிக்காவில் இருவரும் ஒரே பெட்டியின் முன் தோளோடு தோள் உரசி நின்றதாலும், அடுத்து ஆடவிருப்பவர் திரையின் விளிம்பில் காசை வைத்துவிட்டுப் பின்னால் காத்திருந்ததாலும், எதிராளியின் கை, மூச்சு, முணுமுணுப்பு யாவும் செய்திகளாயின. ஜாங்கியெஃப் என்ற மல்லர் பாத்திரத்தின் கொடிய பிடிக்கு நெம்புகோலை முழுவட்டமாகச் சுழற்ற வேண்டியிருந்ததால், அந்த அசைவே ஆடுபவருடைய நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடியதாக இருந்தது. ஜப்பானிலோ இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகாக நிறுத்தியதால், 100 யென் நாணயம் போட்டு அமர்ந்தவருக்கு எதிரில் இருப்பவர் யார் என்பதே தெரியாமல் போகலாம்; திரையில் தெரியும் நடையை மட்டும் கொண்டு அவர் மனத்தைப் படிக்க வேண்டியிருந்தது.

கலிபோர்னியாவின் சன்னிவேலில் 1996இல் சிறிய போட்டியாகத் தொடங்கிப் பின்னர் ‘ஈவோ’ என்று பெயர் பெற்ற போட்டியின் 2004ஆம் ஆண்டு அரங்கில் இவ்விரு மரபுகளும் மோதின. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்ட்ரைக்’ ஆட்டத்தில் ஜப்பானின் டைகோ உமெஹாராவின் பாத்திரமான கென், தடுத்த அடியின் சிறு பாதிப்பைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு உயிர் குறைந்து நின்றபோது, அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் தம் பாத்திரமான சுன்-லீயின் பலஅடித் தாக்குதலை ஏவினார். அடி படும் நொடியில் நெம்புகோலை முன்னே தட்டி, சேதமே இல்லாமல் அதை விலக்கும் ‘பாரி’ என்ற வழி மட்டுமே எஞ்சியிருந்தது. முதல் அடிக்கான தட்டுதலோ தாக்குதல் தொடங்குவதைக் கண்ட பிறகு செய்தால் பிந்திவிடும். முடித்துவிடும் ஆசை எதிராளியை எப்போது உந்தும் என்று கணித்த உமெஹாரா அத்தனை அடிகளையும் விலக்கி அந்த ஆட்டத்தை வென்றார். விரல் வேகத்துக்காக இன்றும் புகழப்படும் அக்காட்சியின் உயிர்நாடி அந்த முதல் தட்டுதலே. இறுதிப் போட்டியில் அவர் தோற்றார் என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இத்தகைய ஆட்டங்களின் பதிவுகள் இணையத்தில் பரவிய பின்பு, எதிராளியை ஆட்டத்துக்கு முன்பே படித்துவிடும் பழக்கம் வேரூன்றியது. பதிவுகள் குறைவாக உள்ளவருக்கு அக்குறைவே கேடயமுமாயிற்று. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பெரிதும் அறிந்திராத நிலையில், 2019 பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ ஜப்பானின் ‘டெக்கன் 7’ போட்டியை வென்றார். அதன் பிறகு அவருடைய ஆட்டம் எல்லோர் பார்வைக்கும் வந்துவிட்டது. எனினும் அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவின் இறுதியில், அனுபவத்தில் மூத்த கொரிய ஆட்டக்காரர் ‘நீ’ அவரிடம் தோற்றார்.