5 சதவீதத்தில் பிறந்த சிற்றிதழ்

பாரிஸை ஒட்டிய ப்யூர்-சுர்-இவெத் என்ற ஊரில் உயர் அறிவியல் ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1958இல் தொடங்கியது. அதன் முதல் பேராசிரியர்களில் ஒருவர் அலெக்ஸாண்டர் குரோத்தண்டீக். இயற்கணித வடிவியலை அடித்தளத்திலிருந்து திரும்பக் கட்டியவர். 1966இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தும், சோவியத் அரசின் போக்கைக் கண்டித்து அதை வாங்க மாஸ்கோவுக்குப் போகவில்லை.

நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்தும் கொஞ்சம் பணம் வருகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. வரவில் சுமார் 5 சதவீதம் என்கிறார்கள். மற்றவர்கள் ‘பிழை’ என்று தள்ளிவிடக்கூடிய அளவுதான். இவரால் தள்ள முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் பழையது. அவருடைய தந்தை அவுஷ்விட்ஸில் மடிந்தவர். சிறுவயதில் தாயோடு பிரெஞ்சுத் தடுப்பு முகாமில் இருந்தவர் இவர். குடியுரிமை வாங்கினால் ராணுவப் பணிக்குப் போகவேண்டியிருக்கும் என்று நெடுங்காலம் நாடற்றவராகவே இருந்துவிட்டார். 1967இல் வியட்நாம் போய், குண்டுக்குப் பயந்து காட்டுக்குள் இடம்பெயர்ந்திருந்த மாணவர்களுக்குக் கணிதம் நடத்திவிட்டும் வந்திருந்தார். அந்தக் காட்டைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் 5 சதவீதக் கணக்கு எப்படிச் செல்லும்?

சக பேராசிரியர்களும் தன்னோடு வெளியேறுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் வரவில்லை. 1970இல் தனியாக வெளியேறினார். வயது 42. கணிதத்திலேயே அவருக்குச் சலிப்புத் தட்டியிருந்தது, ராணுவப் பணம் ஒரு சாக்கு என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் சாக்குக்காக யாரும் 12 ஆண்டுக் கோட்டையை இடிப்பதில்லை என்றே எனக்குப் படுகிறது.

அந்த ஜூலையில் மான்ட்ரியலில் ‘சுர்வீவ்ர்’ என்ற குழுவைத் தொடங்கினார். ‘பிழைத்திருத்தல்’ என்று பொருள். அதே பெயரில் ஒரு பத்திரிகையும் வந்தது. பேசியதெல்லாம் ராணுவத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல், அணு ஆயுதம், சூழல் சீரழிவு. க்ளோத் ஷெவலே, பியேர் சாமுவேல் என்ற பெரிய கணிதர்கள் துணைக்கு வந்தார்கள். செப்டம்பரில் நைஸ் நகரில் உலகக் கணித மாநாடு நடந்தபோது, அங்கே மேசை போட்டு ஆள் சேர்த்தார். பதக்கம் பெற்ற கை சந்தாப் புத்தகம் நீட்டியது. சிற்றிதழ் நடத்திய நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

பத்திரிகை பின்னர் ‘பிழைத்தலும் வாழ்தலும்’ என்று பெயர் நீண்டது. கேள்வியும் நீண்டது. ராணுவப் பணம் வேண்டாம் என்று கிளம்பியவர், 1972இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் நின்று, அறிவியல் ஆய்வையே இனித் தொடரத்தான் வேண்டுமா என்று கேட்டார்.