1980க்குத் திரும்பிப் போன கணினி

கணினியைத் தொடக்குவதை ‘பூட்’ செய்வது என்கிறோம். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, அவர்கள் சொல்லும் ‘அமோர்சாழ்’ என்ற சொல்தான் பிடிக்கும். அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அதற்கும் பிரெஞ்சில் இதே சொல்தான். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் விடியற்காலையில் பம்போடு மல்லுக்கட்டியவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டாம்.

அடையாறை அடுத்த ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்த மாதிரிப் பெரிய கணினிகளைத் தொடக்கி, எதற்குப் பின் எது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் இருந்தார்கள். 1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அந்த ஆள் போய், அவர் இடத்தில் ஒரு சிறு கோப்பு உட்கார்ந்தது. அதன் பெயர் ஆட்டோஎக்ஸெக்.பேட். டாஸ் தொடங்கியதும் அதைத் தேடி எடுத்து, உள்ளே எழுதியிருப்பதை வரிவரியாக நிறைவேற்றும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பி.சி.யிலும் அடுத்து வந்த எக்ஸ்.டி.யிலும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. 1984இல் வந்த ஏ.டி.யில்தான் அது சேர்ந்தது. அதனால் தொடங்கும்போதெல்லாம் டாஸ் நம்மிடம் தேதியும் மணியும் கேட்கும். ஆனால் ஆட்டோஎக்ஸெக் கோப்பு இருந்துவிட்டால் கேட்காது. கேட்க வேண்டுமானால் அந்தக் கோப்பிலேயே டேட், டைம் என்று இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினிக்கு அன்று 1-1-1980, செவ்வாய்க்கிழமை!

எண்பதுகளின் கடைசியில் நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் இது விளையாடியது. வேர்ட்ஸ்டார் நேராகத் திறக்கட்டும் என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் அந்தக் கோப்பை எழுதி வைத்துப் போனார். அன்று முதல், கரண்ட் போய் வந்தால் ஆண்டு 1980. ஒருநாள் பணிமூப்புப் பட்டியல் இரண்டு கிடைத்தது. ஒன்றில் ஒருவர் மேலே, மற்றதில் அவர் கீழே. இரண்டு கோப்புக்கும் ஒரே தேதி. எது திருத்தியது, எது பழையது? ஒரு மனிதரின் பதவி உயர்வு அதில் தொங்கியது. கடைசியில் அலுவலகப் பிரதியையும் தபால் பதிவேட்டையும் புரட்டித்தான் தீர்ந்தது. கணினியே பழுது என்றார்கள் பலர். கோப்பில் அந்த இரண்டு வரியைச் சேர்த்ததும் வியாதி போயிற்று.

அந்தக் கோப்பில் தவறு கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருந்தது. சந்தேகப்படும் வரிக்கு முன் ‘ரெம்’ என்று போட்டால் கணினி அதைத் தாண்டிப் போகும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். 1993இல் வந்த எம்.எஸ். டாஸ் 6.2இல் எஃப்8 விசையை அழுத்தினால், ஒவ்வொரு வரிக்கும் நம் சம்மதம் கேட்டுக்கொண்டே போகும்.

யூனிக்ஸ் உலகத்தில் நேரப்படி வேலையை ஓட்ட 1979லேயே ‘கிரான்’ இருந்தது. பால் விக்ஸி 1987இல் அதைப் புதிதாக எழுதினார். அவர் வழி வந்த கிரானில் ‘ரீபூட்’ என்று குறித்தால், கணினி எழுந்ததும் அந்த வேலை ஓடும். நம் சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றிலும் இந்த மரபுதான்.

இங்கே அடிக்கடி கேட்கும் புகார்: “கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடமாட்டேன் என்கிறது.” காரணம் எளிது. நாம் உட்கார்ந்து தட்டும்போது எல்லாம் தயாராக இருக்கும். எழுந்த நிமிஷத்தில் நெட்வொர்க் வந்திருக்காது, இன்னொரு டிஸ்க் இணைந்திருக்காது, நிரல்கள் இருக்கும் இடங்களின் பட்டியலும் சுருக்கமாகவே இருக்கும். பிழையைச் சொல்லலாம் என்றால் திரைக்கு முன் ஆளும் இல்லை. ஆகவே நிரலின் முழு முகவரியை எழுத வேண்டும். சொல்வதையெல்லாம் ஒரு கோப்பில் பதியச் செய்ய வேண்டும். 2010இல் வந்த சிஸ்டம்டி, எதற்குப் பிறகு எது என்று நாமே வரிசை குறிக்க வழி செய்தது.

பேரன் பேத்திகள் இதில் முழி பிதுங்கி நின்றால், முதலில் அந்தப் பதிவுக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். தபால் பதிவேட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு அது புரியாத விஷயம் அல்ல.